எதிர்காலத்திலிருந்து வந்த வார்னிங்

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வீட்டில் யாராவது "இன்னைக்கு என்ன வேலை பாத்த?" என்று கேட்டால், "சொன்னா உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அது என்னை விட்டுப் போனது. நேரம்கூடவா ஞாபகம் இருக்கும் என்று கேட்காதீர்கள். இந்தக் கதையே நேரத்தைப் பற்றியதுதான்.

நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். விருதுநகரில் எங்கள் அத்தாவுக்குப் பருப்பு மண்டி. (எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம்.) நான் எம்.சி.ஏ. முடித்திருந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் எங்காவது ஒரு இடத்தில் என் புரோகிராம் உண்மையிலேயே ஓடுகிறது என்று கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். அத்தாவும் அதையே பிடித்துக்கொண்டார். "அந்தக் கடுதாசி கைக்கு வரட்டும், நானே ரயில்ல ஏத்தி விடுறேன். வரலைன்னா மெட்ராஸ் பேச்சை விட்ரு" என்றார். ஆக, ஒரு தாளில் ஒரு கையெழுத்து. என் மொத்த வாழ்க்கையும் அதில் இருப்பதாக அப்போது நம்பினேன்.

அத்தாவுக்குப் பழக்கமான ஒரு பட்டாசுக் கம்பெனி, ஆமத்தூர் தாண்டிச் சிவகாசி போகும் வழியில் இருந்தது. சரக்கு ஏற்றிய லாரியோடு ஒரு லோடு சீட்டு போகும். எத்தனை பெட்டி கம்பி மத்தாப்பு, எத்தனை பெட்டி புஸ்வாணம் என்ற விவரம். அதைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாக்ஸ்பிரோ என்ற எளிய மொழியில் பத்து நாளில் முடித்திருக்கலாம். நான் சி பிளஸ் பிளஸ்ஸில்தான் எழுதுவேன் என்று நின்றேன். (தெருமுனைக் கடைக்குப் போக லாரி எடுத்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இன்னொன்றும் செய்தேன். பழைய சீட்டில் தேதி மட்டும்தான் இருக்கும். நான் நேரத்தையும் சேர்த்தேன். மணி, நிமிடம், நொடி, மூன்றும் கொட்டை எழுத்தில். யாரும் கேட்கவில்லை. துல்லியம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

சீட்டு போடுகிறவர் சண்முகவேல் அண்ணாச்சி. டெஸ்பாட்ச் முழுவதும் அவர் பொறுப்பு. சட்டைப் பையில் நாலு பேனா, நாலும் எழுதும். அந்த வயதில் மவுஸைப் பிடிப்பதற்கு அவர் காட்டிய பொறுமையை நான் எதிலும் காட்டியதில்லை. புரோகிராம் ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏம்மா பர்வீன், இந்த மிஷின்ல மணி தப்பா ஓடுச்சுன்னா எப்படித் திருத்துறது?"

மாணவர் தானாக வந்து கேட்கிறார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. மூலையில் இருக்கும் கடிகாரத்தை இரண்டு தட்டு தட்டினால் பெட்டி திறக்கும் என்று செய்தே காட்டினேன். அவரும் மூன்று முறை செய்து பார்த்தார். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். இந்த இடத்தை மட்டும் நீங்கள் மறக்க வேண்டாம்.

எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். என்னுடையது வயதானது, உள்ளே இருந்த டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் என் கோப்புகள் எல்லாவற்றையும் அண்ணாச்சியின் பெரிய கம்ப்யூட்டரில் வைத்து, கேபிள் வழியாகத் திறந்து வேலை பார்த்தேன். ஒரு புரோகிராம் பல கோப்புகளாக இருக்கும். அவற்றை ஒன்றாகக் கட்டித் தருவதற்கு ஒரு கருவி உண்டு. அது கோப்புகள் திருத்தப்பட்ட நேரத்தைப் பார்க்கும். புதிதாகத் திருத்தியதை மட்டும் மறுபடி கட்டும், பழையதை அப்படியே விட்டுவிடும். கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் நேரத்தை மட்டுமே நம்பும்.

இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, அந்தக் கருவி எனக்கு ஒரு வார்னிங் கொடுத்தது. 'இந்தக் கோப்பு திருத்தப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது' என்றது. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'நீங்கள் கட்டியது அரைகுறையாக இருக்கலாம்.'

எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. எதிர்காலத்திலிருந்து ஒரு கோப்பு வந்திருக்கிறது என்றால் யாருக்குத்தான் எட்டிப் பார்க்கத் தோன்றாது. கோப்பின் நேரத்தைப் பார்த்தேன். மதியம் மூன்று மணி இரண்டு நிமிடம். என் கடிகாரத்தில் இரண்டு மணிகூட ஆகவில்லை. அண்ணாச்சியின் அறைக்கு ஓடினேன். அவர் கம்ப்யூட்டரின் கடிகாரமும் சரியாகத்தான் இருந்தது. அவர் ஒரு லாரி டிரைவருக்குச் சீட்டைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று மணி தாண்டியதும் வார்னிங் தானாக நின்றுவிட்டது.

மறுநாள் மறுபடி வந்தது. இந்தத் தடவை பன்னிரண்டு மணிக்கு நின்றது.

இதற்குள் வேறொரு தொல்லை. சீட்டில் புஸ்வாணத்துக்குப் பிளவர் பாட்ஸ் என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டிய இடத்தில் நான் இரண்டு எழுத்தை இடம் மாற்றி பிளவர் போஸ்ட் என்று அடித்திருந்தேன். திருத்தினேன். கட்டினேன். மறுபடியும் போஸ்ட். திரும்பத் திருத்தினேன், திரும்பவும் போஸ்ட். கருவி கட்டி வைத்திருந்த கோப்பில் எதிர்கால நேரம் இருந்ததால், நான் இப்போது செய்த திருத்தம் அதற்குப் பழையதாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் சீட்டோடு ஒரு லாரி போய்ச் சேர்ந்துவிட்டது. "நாப்பது பெட்டி போஸ்ட்டுன்னு போட்டிருக்கீக. நாங்க பட்டாசுதானே கேட்டோம்" என்று கடைக்காரர் போன் செய்தார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். வெள்ளை வேட்டி, குரல் உயராது. அதுதான் பயமாக இருக்கும்.

"என்னம்மா பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல சார். வெறும் வார்னிங்தான்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வெறும் வார்னிங்னு எங்க தொழில்ல ஒண்ணு கிடையாதும்மா. வார்னிங்குன்னா வேலையை நிறுத்திட்டு என்னன்னு பாக்கணும். அது தீர்ற வரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். கடுதாசிக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது நியாயம். வெடிமருந்தோடு வேலை செய்கிற இடத்தில் வந்து நின்று 'வெறும் வார்னிங்' என்ற அந்தப் பெண்ணை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலையில் குட்டத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து என் துப்பறியும் வாழ்க்கை தொடங்கியது. முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட்ட ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மாற்றினேன். வார்னிங் வந்தது. கேபிளை எலி கடித்திருக்கும் என்று புதுக் கேபிள் இழுத்தேன். வந்தது. வைரஸாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டேன். அப்படியும் வந்தது. பின்பக்கக் காட்டில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். அந்த அதிர்வில் கடிகாரம் எகிறுகிறதோ என்று ஒரு புதன்கிழமை மதியம் சாம்பிள் வெடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பாவம், நிறுத்தினார்கள். அன்று வார்னிங் வழக்கத்தைவிட இரண்டு அதிகம்.

விருதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, உலகம் முழுக்க இருக்கும் புரோகிராமர்கள் படிக்கும் ஒரு இணையக் குழுவுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். 'வாரச் சுழற்சியில் வரும் கடிகாரக் கோளாறு' என்று தலைப்பு வைத்தேன். யாரோ ஒருவர் பேட்டரியை மாற்றச் சொன்னார்.

வாரச் சுழற்சி என்பது என் பெரிய கண்டுபிடிப்பு. வார்னிங் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று தினமும் குறித்துக்கொண்டே வந்ததில் அது பிடிபட்டது. தொடங்கும் நேரம் முன்னே பின்னே இருக்கும். நிற்கும் நேரம் மட்டும் பிசகாது. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வியாழன் மூன்று. வெள்ளி பன்னிரண்டு. சனி பத்தரை. திங்கட்கிழமை மட்டும் வார்னிங்கே கிடையாது.

திங்கட்கிழமைக்கு நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. ஒரு நாள் ஓய்வு கிடைப்பதால் மறுநாள் கம்ப்யூட்டர் தெளிவாக இருக்கிறது. (எம்.சி.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கியவள் நான்.) இதற்கு ஓய்வுக் கோட்பாடு என்று பெயர்கூட வைத்துவிட்டேன்.

குறிப்புகளை எழுத நோட்டு வாங்கவில்லை. அண்ணாச்சியின் மேசைக்கு மேலே தினசரி காலண்டர் தொங்கும். அதில் சாயங்காலம் கிழிக்கிற தாளை அவர் ஒரு கிளிப்பில் சேர்த்து வைப்பார், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். கேட்டால், "எடுத்துக்கம்மா, சும்மாதானே கெடக்கு" என்பார். அன்றன்றைய தாளின் பின்னால் அன்றன்றைய குறிப்பு. நாற்பது தாள் சேர்ந்தது.

வீட்டிற்கு வந்தால் அத்தா தினமும் கேட்பார். "இன்னைக்கு என்ன வேலைம்மா? மூஞ்சி ஏன் வாடியிருக்கு?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது அத்தா."

"சரி, சாப்பிடு" என்பார்.

நாற்பதாவது நாள் பொறுமை போய்விட்டது. காரணம் தெரியாவிட்டால் என்ன, இயற்கையின் ஒரு விதியையே பிடித்துவிட்டோமே, அதை நேரில் காட்டிவிட்டால் முதலாளி புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவார் என்று தோன்றியது. அவரிடம் போய், "வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு மேல எல்லாருக்கும் செஞ்சு காட்டுறேன் சார்" என்றேன்.

முதலாளி சண்முகவேல் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையா? பத்தரைக்கா?" என்றார் முதலாளி. "பன்னெண்டுக்கு மேல வச்சுக்கிடலாமே."

"இல்ல சார், பன்னெண்டுக்கு நின்னுரும். பத்தரைக்கும் பன்னெண்டுக்கும் நடுவுலதான் வரும்."

இருவரும் மறுபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி விடுங்க, நம்ம புள்ளைக்கு அதெல்லாம் கெடையாதுல்ல" என்று முதலாளி மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. எதெல்லாம் என்று கேட்டிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணாச்சியின் அறையில் முதலாளி நாற்காலியில், அண்ணாச்சி தன் கம்ப்யூட்டர் முன்னால். என் கம்ப்யூட்டரையும் அங்கேயே தூக்கிவந்து வைத்திருந்தேன். பத்து ஐம்பதுக்குக் கட்டினேன். வார்னிங் இல்லை. பதினொன்றுக்குக் கட்டினேன். இல்லை. நாற்பது நாள் என்னைத் தூங்கவிடாத வார்னிங், ஒரே ஒருமுறை வா என்று கூப்பிடும்போது வரவில்லை. முதலாளி விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் சார், ஆதாரம் இருக்கு" என்று தாள்களைக் கையில் எடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் முத்துமாரி அக்கா வாசலில் வந்து நின்றார். பேக்கிங் செக்சனில் பெட்டி எண்ணுகிறவர், ஆமத்தூர்க்காரர், காலையில் என்னோடு ஒரே பஸ்ஸில் வருவார். கையில் பெட்டிக் கணக்கு. வெளியே லோடு ஏற்றிய லாரி ஒன்று சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தது. உள்ளே கூட்டம் நடப்பதைப் பார்த்து அவரும் ஓரமாக நின்றுவிட்டார்.

நான் முதல் தாளை முகத்துக்கு நேரே பிடித்து, சபையில் வாசிப்பதுபோல் வாசித்தேன். "செவ்வாய்க்கிழமை. வார்னிங் நின்ற நேரம் நாலரை."

"ராகு காலம் மூணு, நாலரை" என்றது ஒரு குரல்.

நிமிர்ந்து பார்த்தேன். முத்துமாரி அக்காதான். என்னவோ முணுமுணுக்கிறார் என்று அடுத்த தாளை எடுத்தேன். "புதன்கிழமை. ஒன்றரை."

"ராகு காலம் பன்னெண்டு, ஒண்ணரை."

"வியாழன், மூன்று."

"ராகு காலம் ஒண்ணரை, மூணு. ஏம்மா, அங்கிட்டு நீங்க படிக்கிறதும் இங்கிட்டு போட்டிருக்கிறதும் ஒண்ணாத்தானே இருக்கு. எதுக்கு ரெண்டு தடவ எழுதி வச்சிருக்கீக?"

தாளைத் திருப்பினேன். அப்போது மணி பதினொன்று இருபது. பெரிய சிவப்பு எழுத்தில் தேதி, அதன் கீழே நல்ல நேரம், அதன் கீழே ராகு காலம். நாற்பது தாளிலும் இருந்தது. நாட்டுக்கே காலண்டர் அச்சடித்துக் கொடுக்கும் சிவகாசிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, விடையின் முதுகில் நான் கேள்வியை எழுதியிருக்கிறேன். ராகு காலம் என்ற சொல் எனக்குத் தெரியாததில்லை. அதற்குக் கிழமைக்கொரு மணி உண்டு என்பதும், திங்கட்கிழமை அது நாங்கள் ஆபீஸ் திறக்கும் முன்பே முடிந்துவிடும் என்பதும்தான் தெரியாது. ஓய்வுக் கோட்பாடு அந்த நொடியில் காலமானது.

முதலாளி மெல்லத் திரும்பினார். "சண்முகவேலு?"

அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். "முதலாளி, லோடு ஏத்துன வண்டியை உள்ள நிறுத்தி வைக்கக் கூடாதுல்ல. அதான் ராகு காலத்துக்கு முந்தியே வண்டியை ரெண்டடி கேட்டுக்கு வெளிய நகத்தி வச்சிருவோம், பொறப்பட்ட கணக்கா ஆயிரும். முன்ன சீட்டுல தேதி மட்டும் இருந்துச்சு, தொந்தரவு இல்ல. இப்ப பாப்பா மணியையும் சேத்து அடிக்குது. பத்து அம்பதுன்னு போட்டுப் போனா கடைக்காரர் மனசு சங்கடப்படும். அதான் வண்டி மாதிரியே கடியாரத்தையும் ரெண்டடி நகத்தி வச்சுச் சீட்டு போட்டேன். போட்டதும் திருப்பி வச்சிருவேன். ஒரு நாளும் திருப்பி வைக்காம விட்டதில்ல."

ராகு காலம் முடிந்து இரண்டு நிமிடம் ஆனதுபோல் தள்ளி வைப்பார், சீட்டு அடிப்பார், திருப்பி வைப்பார். அந்த இடைவெளியில் நான் அவர் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கோப்பைச் சேமித்தால் அதன்மேல் எதிர்கால முத்திரை விழும். நான் அடித்துப் பிடித்து ஓடிவந்து பார்க்கும்போது கடிகாரம் சரியாக இருக்கும்.

"நாப்பது நாளா நான் தேடுறதைப் பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க அண்ணாச்சி" என்றேன். அழுகை வரும்போல் இருந்தது.

"நீங்க வார்னிங்கைல்ல தேடுனீக. நான் கடியாரத்தைத்தானே தொட்டேன்" என்றார். அப்புறம் தயங்கி, "இது நம்ம சமாச்சாரம், ஒங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சேம்மா" என்றார்.

"லாரி நிக்குது, சீட்டைப் போடுங்க" என்றார் முத்துமாரி அக்கா. அவருக்கு வேலை இருந்தது.

எல்லோரும் பார்க்க, அண்ணாச்சி கூச்சத்தோடு மூலையில் இரண்டு தட்டு தட்டினார், நான் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. பன்னிரண்டு மணி இரண்டு நிமிடம். சீட்டு அடித்தார். நான் கோப்பைச் சேமித்தேன். அவர் திருப்பி வைத்தார். நான் கட்டினேன். 'இந்தக் கோப்பு திருத்தப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது.' முதலாளி கைதட்டிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"சரி, இதுக்கு என்ன வைத்தியம்?"

"சீட்டுல மணி அடிக்கிற வரியை எடுத்துட்டாப் போதும் சார்."

"அதை யாரு போடச் சொன்னது?"

ஒரே ஒரு வரி. அழித்தேன். அதோடு தீர்ந்தது. பிளவர் போஸ்ட்டும் பிளவர் பாட்ஸ் ஆனது.

கடிதம் தயாராக இருந்தது. முதலாளி பேனாவைத் திறந்தவர், காலண்டரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "பன்னெண்டு தாண்டட்டும்மா. மெட்ராஸ் போற புள்ள." எனக்கு எங்கேயும் அவசரம் இல்லை. உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை உண்மையான பன்னிரண்டு இரண்டு.

சாயங்காலம் மண்டிக்கே போய் அத்தாவிடம் கடிதத்தை நீட்டினேன். முதல்முறையாக, கேட்காமலே, நாற்பது நாள் கதையையும் சொன்னேன். கிழமையும் மணியும் சொல்ல ஆரம்பித்ததுமே அவர் முகம் மாறியது. நான் முடிப்பதற்குள் அவரே ஒரே மூச்சில் சொன்னார். "திங்கள் ஏழரை, சனி ஒம்பது, வெள்ளி பத்தரை, புதன் பன்னெண்டு, வியாழன் ஒண்ணரை, செவ்வாய் மூணு, ஞாயிறு நாலரை. எல்லாம் ஆரம்பிக்கிற நேரம். ஒண்ணொண்ணும் ஒண்ணரை மணி."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தா?"

"இருவத்தஞ்சு வருசமா மண்டியில இருக்கேன். அந்த நேரத்துல ஒரு வியாபாரி சரக்கு எடுக்க வர மாட்டாரு. அப்பதான் நான் டீ குடிக்கப் போவேன்." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஒருநாள் சொல்லியிருக்கலாமேம்மா. நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். நீ புரியாதுன்ன, சரி, நமக்குப் புரியாத வேலைபோலன்னு விட்டுட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டியதில் ஏதோ அரைகுறை என்று கருவி தினமும் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் அதைக் கோப்புகளில் மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி அத்தாவே ரயில் ஏற்றிவிட்டார். சென்னைக்காரியாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் சாவி காணோம், கண்ணாடி காணோம் என்று யார் தேடினாலும், "தாளைத் திருப்பிப் பாத்தியா?" என்றுதான் கேட்பார்கள். என் கணவர் இதைச் சொல்லாத வாரம் கிடையாது.

போன மாதம் அத்தா வந்திருந்தார். என் மகள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் கொடுத்த புரோகிராம் சரியாக வரவில்லையாம். என்ன ஆயிற்று என்று கேட்டேன். எத்தனை வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன், எனக்கா தெரியாது.

"சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த அத்தா சொன்னார்: "எங்கிட்டயாவது சொல்லிப் பாரு தாயி. உங்கம்மாவும் இப்படித்தான் சொன்னா. நாப்பது நாள் போச்சு."